வேட்டி நெய்த ஊரின் பயிற்சியாளர்

இங்கிலாந்தின் வடமேற்கே லங்காஷயர் என்னும் நெசவுச் சீமையில் பிளாக்பர்ன் என்று ஓர் ஊர் இருக்கிறது. இந்தியச் சந்தைக்கென்றே வேட்டித் துணியை விசைத்தறியில் நெய்து கப்பலேற்றிய ஊர் அது. ஐயம்பேட்டையிலும் காஞ்சிபுரத்துத் தெருக்களிலும் குழித்தறியில் கால் வைத்து உட்கார்ந்திருந்த நம் முன்னோர் பலர் அந்த ஊரின் பெயரைக் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் அதன் துணி சந்தைக்கு வந்து இறங்கியதும் தங்கள் துணியின் விலை சரிவதைப் பார்த்தவர்கள் அவர்கள். நம் நாட்டுத் தறிகள் ஓய்ந்த கதையைச் சொல்லத் தொடங்கினால் பிளாக்பர்னைத் தாண்டிப் போக முடியாது.

அந்த ஊரை இந்தக் கால்பந்து மலரில் நினைப்பதற்குக் காரணம் வேறு. ஆலையில் உழைத்துக் கூலி வாங்கும் மனிதர்கள் ஒரு பயிற்சியாளரை வைத்துக்கொண்டு முறையாகப் பழகி, பரம்பரைச் செல்வர்களை அவர்கள் ஆட்டத்திலேயே வெல்லலாம் என்று முதலில் காட்டியவர்கள் அந்த ஊர்த் தொழிலாளர்கள். அவர்களுக்கு வாய்த்த பயிற்சியாளர் ஜாக் ஹண்டர். பணம் வாங்கிக்கொண்டு ஆடியவர், பிறகு பிறரை ஆடவைத்தவர். இன்று நாம் மேலாளர், கோச் என்று சொல்லும் வேலைக்கு அன்று சரியான பெயர்கூட இல்லை.

கால்பந்து தொழிலாளியின் ஆட்டமானதற்கு ஆட்டத்துக்கு வெளியே ஒரு காரணம் உண்டு. 1850-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் பெண்களும் வளரிளம் பருவத்தினரும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்றது. அவர்கள் இல்லாமல் ஆலை ஓடாது. ஆகவே ஆண்களுக்கும் அரைநாள் கிடைத்தது. சனிக்கிழமை பிற்பகல் என்று ஒரு பொழுது முதன்முதலாக ஏழைகளின் கைக்கு வந்தது. அந்தப் பொழுதில்தான் லங்காஷயரின் கால்பந்து முளைத்தது. இன்றைக்கும் இங்கிலாந்தில் லீக் ஆட்டங்கள் பல சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குத் தொடங்குகின்றன. ஆலைச் சங்கு ஊதி, வீட்டுக்குப் போய், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வர ஆகும் நேரம் அது.

ஆனால் அரைநாள் கிடைத்தால் ஆடத்தான் முடியும், பயில முடியாது. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கக் கோப்பை 1872-இல் தொடங்கியதிலிருந்து பத்தாண்டு காலம் அதை வென்றவர்கள் பெரிய பள்ளிகளின் பழைய மாணவர்கள், ராணுவப் பொறியாளர்கள், ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள். ஓய்வு அவர்களுக்குப் பிறப்புரிமை. 1879-இல் பிளாக்பர்னுக்குப் பக்கத்து ஊரான டார்வனின் ஆலைத் தொழிலாளர்கள் அந்தக் கோப்பையின் கால் இறுதிக்கு வந்து, லண்டனில் ஈடன் பள்ளிப் பழைய மாணவர்களின் அணியான ஓல்ட் ஈடோனியன்ஸைச் சந்தித்தார்கள். முதல் ஆட்டம் 5-5. மறு ஆட்டம் 2-2. மூன்றாம் முறை 2-6 என்று தோற்றார்கள். ஒவ்வொரு முறையும் ஊரில் வசூல் செய்து ரயில் ஏறி, ஆடி முடித்து, வேலைக்குத் திரும்ப வேண்டும். பயணமே அவர்களைப் பாதி தோற்கடித்துவிட்டது என்பது என் எண்ணம். அந்த டார்வன் அணியில் பெர்கஸ் சூட்டர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இருந்தார். கல்தச்சர் என்று சொல்லிக்கொண்டு வந்தவர், காசுக்கு ஆடுகிறார் என்று ஊரே பேசியது. உலகின் முதல் தொழில்முறைக் கால்பந்து வீரர் யார் என்ற கேள்விக்கு அவர் பெயரையே பலரும் சொல்கிறார்கள். 1931-இல் அன்னியத் துணி மறுப்பினால் வேலையிழந்த தொழிலாளரை நேரில் பார்க்கக் காந்தியடிகள் லங்காஷயருக்குப் போனபோது சென்ற ஆலை ஊர் இதே டார்வன்தான். ஆலைப் பெண்கள் சூழ்ந்து ஆரவாரிக்க அவர் நடுவில் நிற்கும் புகைப்படத்தைப் பார்த்திருப்பீர்கள்.

ஹண்டர் 1852-இல் ஷெஃபீல்டில் பிறந்தவர். கத்தியும் கரண்டியும் செய்து உலகுக்கு விற்ற ஊர் அது. ஹீலி என்ற உள்ளூர் அணியில் ஆடி, 1878 முதல் 1882 வரை இங்கிலாந்துக்காக 7 ஆட்டங்களில் இறங்கினார். நாட்டுக்கு ஆடினாலும் சல்லிக்காசு கிடையாது. பணம் வாங்குவது இழிவு என்று சங்கத்தின் விதி சொன்னது. விதியை எழுதியவர்களுக்குப் பணம் தேவைப்படவில்லை.

அவர் வாழ்க்கை திரும்பியது வருந்தத்தக்க ஒரு வேடிக்கையினால். 1879-இல் ஆங்கிலேயப் படை தென்னாப்பிரிக்காவில் ஜூலு மக்களோடு போரிட்டது. இறந்த சிப்பாய்களின் குடும்பங்களுக்கு நிதி திரட்ட ஷெஃபீல்டு ஆட்டக்காரர்கள் முகத்தில் கரி பூசி, இறகு செருகி, ஜூலுக்கள் என்று பெயர் வைத்துக்கொண்டு காட்சி ஆட்டம் ஆடினார்கள். ஹண்டரும் அதில் ஒருவர். தன் மண்ணைக் காக்கப் போரிட்ட ஒரு மக்களைக் கூத்துப் பொருளாக்கிய அந்த வேடத்தை, அதே பேரரசின் கீழ் கிடந்தவர்களின் வழிவந்த நான் கசப்பில்லாமல் படிக்க முடியவில்லை. ஊரூராக அந்தக் காட்சி நடந்தது, கூட்டம் வந்தது, ஆட்டக்காரர் கைக்கும் பணம் வந்தது. ஷெஃபீல்டுச் சங்கம் விழித்துக்கொண்டு அவர்களைத் தடை செய்தது. கரி பூசியதை யாரும் குற்றமாகச் சொல்லவில்லை, கூலி வாங்கியதே குற்றமானது.

பிறந்த ஊரில் வழி அடைபட்டதும் 1882-இல் ஹண்டர் பிளாக்பர்னுக்கு வந்தார். பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற அணி அவரை அழைத்தது. அவர் நடத்துவதற்கு ஒரு மதுக்கடையும் ஏற்பாடாயிற்று. சம்பளம் என்று ஏட்டில் எழுத முடியாது, கடை வருமானம் என்று எழுதலாம். அக்காலத்துத் திறமைசாலிகள் பலருக்கு இப்படித்தான் கூலி போய்ச் சேர்ந்தது. ஒருவருக்குக் கடை, இன்னொருவருக்கு ஆலையில் பெயரளவுக்கு ஒரு வேலை.

ஒலிம்பிக் 1878-இல் இரண்டு சிறு அணிகள் சேர்ந்து உருவானது. அதே ஊரில் பணக்காரர் ஆதரவு பெற்ற பிளாக்பர்ன் ரோவர்ஸ் பெரியண்ணன். ஒலிம்பிக்கோ நெசவாளர், நூற்பாலைத் தொழிலாளி, குழாய் வேலைக்காரர், வார்ப்பாலைத் தொழிலாளி என்று கூடிய எளிய கூட்டம். ஊரில் இரும்பு வார்ப்பாலை வைத்திருந்த சிட்னி யேட்ஸ் அவர்களுக்குக் கை கொடுத்தார். 1883-இல் அணி கோப்பையின் கடைசிச் சுற்றுகளை எட்டியபோது ஹண்டர் அதுவரை எவரும் துணியாத ஒன்றைக் கேட்டார். ஆட்டக்காரர்களை ஆலையிலிருந்து சில நாள் விடுவித்துக் கடற்கரை ஊரான பிளாக்பூலுக்கு அழைத்துப்போக வேண்டும். யேட்ஸ் 100 பவுண்டு தந்தார்.

பிளாக்பூலில் என்ன நடந்தது என்பதற்கு ஒரு சாப்பாட்டுப் பட்டியலே சாட்சியாக நிற்கிறது. காலை 6 மணிக்கு ஒரு கிளாஸ் போர்ட் ஒயின், இரண்டு பச்சை முட்டை. பிறகு கடல் மணலில் நடை. திரும்பி வந்தால் ஓட்ஸ் கஞ்சியும் ஹேடாக் மீனும். நண்பகலுக்கு ஆட்டுத் தொடைக்கறி. மாலையில் மறுபடி கஞ்சி, பால். இரவில் ஆளுக்கு அரை டஜன் சிப்பி. இன்றைய மருத்துவர் விடிகாலை ஒயினை ஒப்பமாட்டார். ஆனால் அந்தப் பட்டியலை ஆலைத் தொழிலாளியின் கண்ணால் படிக்க வேண்டும். பஞ்சுத் தூசியில் நின்று, ரொட்டியும் தேநீருமாக நாளைக் கழித்தவனுக்கு வேளாவேளைக்குச் சோறு, நல்ல தூக்கம், கடற்காற்று. ஹண்டர் அவர்களுக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தாரா என்றால் கொடுத்தார். மைதானத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நீளமாகப் பந்தை மாற்றும் முறை ஒலிம்பிக்கின் அடையாளமாகவே ஆனது. அதற்கு முன்னால் அவர் கொடுத்தது சோறும் உறக்கமும். பயிற்சியாளர் என்ற தொழிலின் வேர் அங்கேதான் இருப்பதாக நான் நினைக்கிறேன்.

அரையிறுதியில் ஓல்ட் கார்தூசியன்ஸை 4-0 என்று சாய்த்தார்கள். 1883 மார்ச் 31. லண்டன் கென்னிங்டன் ஓவல் மைதானம். எதிரே நடப்புச் சாம்பியன் ஓல்ட் ஈடோனியன்ஸ், தலைமையில் பின்னாளில் பிரபுவான கின்னேர்ட். முதல் கோல் ஈடோனியன்ஸுக்கு. இடைவேளைக்குப் பின் மேத்யூஸ் சமன் செய்தார். இதற்கிடையில் ஈடோனியன்ஸின் ஆர்தர் டன் காயம்பட்டு வெளியேறினார். ஆட்களை மாற்றும் வழக்கம் அப்போது இல்லை, பத்துப் பேரோடு ஆடினார்கள். கூடுதல் நேரத்தில் பந்து ஒரு பக்கமிருந்து மறுபக்கத்துக்கு வந்தது. நூற்பாலைத் தொழிலாளி ஜிம்மி காஸ்ட்லி அதைக் கோலுக்குள் அடித்தார். 2-1. அதன்பின் கனவான்களின் அணி எதுவும் அந்தக் கோப்பையை வெல்லவில்லை.

தோற்றவர்கள் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. கூலிக்கு உழைக்கும் மனிதர்கள் நாட்கணக்கில் வேலைக்குப் போகாமல் கடற்கரையில் எப்படி இருந்தார்கள், யார் சோறு போட்டார்கள்? பயிற்சி எடுப்பதே முறைகேடு போலப் பேசினார்கள். கேள்வியில் உள்ள குத்தலைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் அது சரியான கேள்வி. உழைப்பவன் விளையாட வேண்டுமானால் அவனுடைய நேரத்துக்கு யாரோ விலை கொடுத்தே ஆக வேண்டும். அடுத்த ஆண்டே ப்ரெஸ்டன் நார்த் எண்ட் அணியை நடத்திய பருத்தி ஆலை மேலாளர் வில்லியம் சூடல், ஆம், பணம் கொடுக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். 1885 ஜூலை 20 அன்று சங்கம் தொழில்முறை ஆட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. சூடல் 1888-89-இல் லீக்கையும் கோப்பையையும் ஒருசேர வென்றார், பிறகு ஆலைப் பணத்தைக் கையாடியதற்காகச் சிறைக்குப் போனார். அது தனிக்கதை.

ஒலிம்பிக்குக்கு விதி கருணை காட்டவில்லை. சம்பளம் வெளிச்சத்துக்கு வந்ததும் அதிகம் கொடுக்க முடிந்தவர் நிலைத்தனர். 1888-இல் 12 அணிகளோடு லீக் தொடங்கியபோது பிளாக்பர்னிலிருந்து ரோவர்ஸுக்குத்தான் இடம். மறு ஆண்டு ஒலிம்பிக் கலைந்தது. ஹண்டர் ரோவர்ஸில் பயிற்சியிலும் மைதானப் பராமரிப்பிலும் வேலை பார்த்தார், பின்னர் மறுபடி மதுக்கடை, 1903-இல் மரணம். இங்கிலாந்துக்கே ஒரு புதுத் தொழிலைக் காட்டிய மனிதருக்கு அந்தத் தொழிலில் நிலையான இடம் கிடைக்கவில்லை.

இனி நம் ஊருக்கு வருகிறேன். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரால் அமைந்த வாலாஜாபாத், கும்பினி காலத்தில் படைத்தளம். 1794-இல் எழுப்பப்பட்ட மதராஸ் படைப்பிரிவு ஒன்று நம் ஊரின் பெயரைத் தாங்கி நின்றது. 1903-க்குப் பின் அதன் முழுப் பெயர் 83-ஆம் வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி. படைகளைச் சீரமைத்தபோது அது மெட்ராஸ் ரெஜிமெண்டின் 4-ஆம் பட்டாலியன் ஆனது. இன்றும் அந்தப் பட்டாலியன் தன் பெயரோடு வாலாஜாபாத்தின் முதலெழுத்தைச் சேர்த்து எழுதுகிறது. நம் இளைஞர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எண்ணிப் பார்க்கிறேன். மைதானத்தில் கால் வைக்கும் பிள்ளைக்கு இதை முதலில் சொல்ல வேண்டும்.

ஏனென்றால் அந்த ரெஜிமெண்டுக்கும் இந்தியக் கால்பந்துக்கும் ஆழ்ந்த உறவு உண்டு. நீலகிரி வெலிங்டனில் அதன் பயிற்சி மையம் இருக்கிறது. 1888-இல் சிம்லாவில் பிரிட்டிஷ் படையணிகளுக்காகத் தொடங்கிய டூரண்ட் கோப்பையை, 1955-லும் 1958-லும் வென்றது வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணி. இரண்டு முறையும் கோலைக் காத்தவர் பீட்டர் தங்கராஜ்.

1935-இல் ஐதராபாத்தில் பிறந்த தங்கராஜ், அங்குள்ள சிறு கிளப்புகளில் ஆடிவிட்டு 1953-வாக்கில் படையில் சேர்ந்தார். அப்போது அவர் சென்டர் ஃபார்வர்டு, கோல் அடிக்கிறவர். வெலிங்டனில்தான் கோல்கீப்பர் ஆனார். ஆறடிக்கு மேல் உயரம், நீண்ட கை. அந்த உடம்பில் ஒரு கோல்கீப்பர் இருப்பதைக் கண்டவர் கண் சாதாரணக் கண் இல்லை. முன்வரிசையில் ஆடியவனைப் பின்னால் நிறுத்தி, அவன் அதில் தேறும்வரை பொறுத்திருக்க நிதானம் வேண்டும், காலம் வேண்டும். படைமுகாமில் இரண்டும் இருந்தன. விடியலில் எழுப்புகிறார்கள், சாப்பாடு போடுகிறார்கள், மைதானம் இருக்கிறது, மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. பிளாக்பூலில் ஹண்டர் சில நாளைக்கு உண்டாக்கிய ஏற்பாடு வெலிங்டனில் ஆண்டு முழுவதும் இருந்தது.

1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பெற்ற அணியிலும், 1960 ரோம் அணியிலும் தங்கராஜ் இருந்தார். ரோமில் நம் பிரிவு கடுமையானது. ஹங்கேரியிடம் 1-2, ஃபிரான்ஸுடன் 1-1, பெருவிடம் 1-3. அதற்குப் பிறகு இன்றுவரை இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக் மைதானத்தை மிதிக்கவில்லை. 1962 செப்டம்பர் 4, ஜகார்த்தா. ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டத்தில் பெருங்கூட்டம் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட, தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கினோம். கோலில் தங்கராஜ். வெளியே பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம், ஐதராபாத்தின் பள்ளி ஆசிரியர். புற்றுநோயோடு அந்தப் பயணம் வந்தவர், 1963 ஜூனில் மறைந்தார்.

ரஹீமுக்குப் பின் இந்தியா தேடிப்போனது இங்கிலாந்தை. ஹாரி ரைட் அங்கே தொழில்முறைக் கோல்கீப்பராக ஆடி, பிறகு பயிற்சியாளரானவர். அவர் பொறுப்பில் 1964-இல் இஸ்ரேலில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. தென்கொரியாவை 2-0, ஹாங்காங்கை 3-1 என்று வென்றோம், இஸ்ரேலிடம் 0-2 என்று தோற்றோம். அந்த அணியிலும் தங்கராஜ் கோல்கீப்பர். ஹண்டரிலிருந்து தொடங்கிய மரபு 80 ஆண்டுக்குப் பின் நம் கோல்கீப்பருக்குப் பக்கத்தில் வந்து நின்ற காட்சியாக இதைக் காண்கிறேன். 1967-இல் தங்கராஜுக்கு அர்ஜுனா விருது. கல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளிலும் ஆடி ஓய்ந்தபின் அவரும் பயிற்சியாளர் ஆனார். கடைசியில் குடியிருந்தது போக்காரோ என்ற இரும்பாலை நகரத்தில். 2008 நவம்பர் 24 அன்று அங்கேயே காலமானார்.

ரோமுக்குத் தங்கராஜோடு போன இன்னொருவரை நம் பக்கத்தில் அநேகமாக மறந்தே போனோம். தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தர்ராஜ். அவரை நினைவில் வைத்திருப்பது கேரளம். சந்தோஷ் கோப்பை 1941-இல் தொடங்கி முப்பதாண்டு கடந்தும் கேரளத்தின் கைக்கு எட்டவில்லை. 1973 டிசம்பர் 27, எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானம். எதிரே ரயில்வே. கேரளம் 3-2 என்று வென்றது. மூன்று கோலும் அடித்தவர் தலைவர் மணி. ஊரே தெருவுக்கு வந்தது, மறுநாள் அரசு பொது விடுமுறை விட்டது. அந்த அணியின் பயிற்சியாளர் நம் சைமன் சுந்தர்ராஜ். அணியின் துணைத் தலைவர் டி.ஏ. ஜாஃபர் பின்னாளில் தானும் பயிற்சியாளராகிக் கேரளத்துக்கு மறுபடி கோப்பை வாங்கித் தந்தார். ஆட்டக்காரன் பயிற்சியாளனாகி, அவன் கையில் வளர்ந்தவன் அடுத்த பயிற்சியாளனாகும் தொடர் அங்கே அறாமல் இருந்தது.

அது அறாமல் இருந்ததற்கு ஆலுவா உரத் தொழிற்சாலையும் களமசேரி பிரீமியர் டயர்ஸும் ஒரு காரணம். வேலை கொடுத்தார்கள், ஆடவிட்டார்கள், வயதானபின் வேலை இருந்தது. வங்கத்தில் கிளப், நம்மிடம் ரயில்வே, பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, இந்தியன் வங்கி. இந்தியாவில் தொழில்முறை ஆட்டம் நெடுங்காலம் தன் பெயரைச் சொல்லிக்கொள்ளாமல் சம்பளப் பட்டியலுக்குள் ஒளிந்து வாழ்ந்தது. ஹண்டருக்குக் கிடைத்த மதுக்கடைக்கும் நம் ஊர் விளையாட்டு ஒதுக்கீட்டுக் குமாஸ்தா வேலைக்கும் நான் பெரிய வேறுபாடு காணவில்லை. ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1996-இல் நம் நாட்டில் தேசியக் கால்பந்து லீக் தொடங்கியபோது முதல் சாம்பியன் யார்? பஞ்சாபின் பக்வாரா ஊர் ஜேசிடி அணி. ஜேசிடி ஒரு பருத்தி ஆலை. பைச்சுங் பூட்டியா, ஐ.எம். விஜயன், ஜோ பால் அஞ்சேரி ஆடிய அந்த அணிக்குப் பயிற்சியாளர் சுக்விந்தர் சிங், தானும் முன்னாள் ஆட்டக்காரர். பிளாக்பர்னில் நடந்தது 113 ஆண்டு கழித்துப் பக்வாராவில் மறுபடி நடந்தது. பிளாக்பர்ன் ஒலிம்பிக்குக்கு நேர்ந்ததும் அங்கே நேர்ந்தது. 2011-இல் ஆலை தன் அணியைக் கலைத்தது.

நம் வாலாஜாபாத் பக்கத்துச் சாலையில் இதற்கு நேர் எதிராக, தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் முதல் கார் வெளிவந்தது. 2010-இல் ஒரகடத்தில் இன்னொரு கார் தொழிற்சாலை, அதே ஆண்டில் அப்போலோ டயர்ஸ், பிறகு மோட்டார் சைக்கிள், மின்னணுக் கருவி, உதிரி பாகங்கள். களமசேரி பிரீமியர் டயர்ஸை 1995-இல் எடுத்துக்கொண்டது இதே அப்போலோ என்பதைப் படித்தபோது நான் அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு காலத்தில் கேரளத்தின் பெயர்பெற்ற கால்பந்து அணியை வளர்த்த தொழிற்சாலையின் உறவு, நம் வீட்டு வாசலில் கம்பெனி பஸ்ஸாக வந்து நிற்கிறது.

வாலாஜாபாத் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் விடியலில் நின்று பாருங்கள். சீருடை போட்ட பையன்கள், பெண்கள், தோளில் பை, கையில் அடையாள அட்டை. இந்தத் தொழிற்சாலைகளுக்குள் போகும் கூட்டம் பிளாக்பர்ன் ஆலைகளுக்குள் போன கூட்டத்துக்குச் சளைத்ததில்லை. வயதும் ஆட்ட வயதுதான். அவர்களுக்கு இல்லாதது அந்தச் சனிக்கிழமை பிற்பகல். ஷிப்ட் வாராவாரம் மாறுகிறது. ஒருவனுக்கு விடுப்பு செவ்வாய், அவன் நண்பனுக்கு வியாழன். பதினோரு பேரும் சேர்ந்து ஓய்ந்திருக்கும் ஒரு மணி நேரம் வாரத்தில் கிடையாது. கான்ட்ராக்டில் இருப்பவன் ஆட்டத்துக்காக ஒரு நாள் நின்றால் மறுநாள் வேலை இருக்குமா என்ற பயம். ஆட்டத்தில் கால் முறிந்தால் மருத்துவச் செலவு அவன் தலையில். இந்த மலரைப் படிக்கும் தொழிற்சாலை அதிகாரிகளிடம் நான் கேட்பது பெரிய மைதானமோ வண்ண விளக்கோ இல்லை. நம் ஊர் அணியில் ஆடும் தொழிலாளிகளுக்கு வாரத்தில் ஒரே நாளில், ஒரே நேரத்தில், சம்பளப் பிடித்தம் இல்லாமல் இரண்டு மணி நேரம் விடுவியுங்கள். யேட்ஸ் கொடுத்த 100 பவுண்டு வாங்கியது அதைத்தான்.

பயிற்சியாளருக்கும் இதே நிலை. நம் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர் ஒரு காலத்தில் மாவட்ட அணியில் பின்வரிசை ஆட்டக்காரர். அவர் ஆடிய காலத்தில் இன்னொரு ஊரில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தருவதாக ஒரு நிறுவனம் சொன்னது. அந்த நம்பிக்கையில் இரண்டு ஆண்டு அவர்களுக்காக ஆடினார். வேலை வரவில்லை, முழங்கால் போனதுதான் மிச்சம். இப்போது ஒரு தொழிற்சாலையில் சரக்கு ஏற்றும் பிரிவில் இருக்கிறார். இரவு ஷிப்ட் வரும் வாரங்களில் காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகமாட்டார், நேரே பாலாற்று மணலுக்கு வருவார். ஆற்றில் தண்ணீர் ஓடாத மாதங்களில் அதுதான் நம் மைதானம். டிபன் பாக்ஸுக்குள் விசில் கிடக்கும். கண் சிவந்திருக்கும். பந்தைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு பையனிடமும் அவர் கேட்பது ஒரே கேள்வி: "சாப்பிட்டியாடா?"

இல்லை என்று சொல்பவர்கள் எப்போதும் ஐந்தாறு பேர் இருப்பார்கள். அவர்களை முதல் அரைமணி ஓடவிடமாட்டார், கரையில் உட்காரவைப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வண்டியின் பெட்டியில் அவித்த முட்டை கொண்டுவருவார், ஆளுக்கு ஒன்று. எட்டு ஆண்டாக அந்தச் செலவு அவர் சம்பளத்திலிருந்து போனது எங்களுக்குத் தெரியாது. இந்த மலருக்காக எங்கள் கால்பந்துக் குழுவின் வரவு செலவைத் தொகுத்தபோது முட்டைக்கு ஒரு வரிகூட இல்லாததைக் கண்டு கேட்டோம். முதலில் மறுத்தார். பலமுறை வற்புறுத்திய பிறகு, வரும் ஞாயிறிலிருந்து 24 முட்டைக்கான பணத்தைக் குழுவின் கணக்கில் எழுத ஒத்துக்கொண்டிருக்கிறார்.